கண்ணாடி விற்கிறவளின் லேசர்

மே 8, திங்கள்

இந்த நோட்டுப் புத்தகம் ஷானா கொடுத்தது. கண்ணில் சொட்டு மருந்து போட்ட நாளை எல்லாம் இதில் குறித்து வைக்க வேண்டுமாம். குறிக்கிறேன். அதற்கு முன் குறிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

அறுபத்தேழு ஆண்டுகளாக இந்த ஓக்லஹோமா மலைகளில் பருந்துகளை வெட்கித் தலைகுனிய வைத்த கண்களுக்குச் சொந்தக்காரனும், செரோக்கி பழங்குடி நாட்டின், கைப்பிடியளவுப் பந்தை எறிந்து ஆடும் கோலி ஆட்டத்தில் ஐந்து குழிகளையும் நடுங்க வைத்தவனுமாகிய அமோஸ் கெட்சர் என்னும் நான், இன்று காலை பத்தேகாலுக்கு என் சொந்தத் தங்கை மகளால் ஒரு கருவியின் முன் உட்கார்த்தப்பட்டேன். நீல விளக்கு ஒன்று என் கண்ணையே வந்து முட்டியது. வலக்கண் பிரஷர் இருபத்து நான்கு, இடக்கண் இருபத்தொன்பது என்றாள்.

"இருபத்தொண்ணைத் தாண்டக் கூடாது மாமா."

நான் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் இவ்வளவு வாங்கியதில்லை என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஷானா சிரிக்காவிட்டால் ஏதோ திட்டம் இருக்கிறது என்று பொருள். ஐந்து வயதிலிருந்து அப்படித்தான்.

"இதுக்குப் பேரு கிளாக்கோமா. கண்ணுக்குள்ள தண்ணி வடியுற வழி அடைச்சிருக்கு. லேசரால தட்டி விட்டா கொஞ்சம் திறந்துக்கும். கண்ணுக்கு அஞ்சு நிமிஷம்."

"யாரு தட்டுவா?"

"நான்தான்."

"நீ கண்ணாடி விக்கிறவ."

"கண்ணாடியும் விக்கிறேன்," என்றாள், ஒரு மூக்குக்கண்ணாடியை நிமிர்த்தி வைத்தபடி.

இதுதான் சந்தேகம் ஒன்று. கண் அறுவை மருத்துவர்கள் எழுபது மைல் தள்ளி டல்ஸாவில் இருக்கிறார்கள். வெள்ளை அங்கி, பளிங்குத் தரை, லிஃப்ட். இவள் கண்களைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற ஆப்டோமெட்ரிஸ்ட். இந்த மாநிலத்தில் இருபத்தைந்து வருஷமாக இவர்களும் லேசர் பிடிக்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம். சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. என் வீட்டுச் சுவரிலும் ஒரு மான் தலை தொங்குகிறது. அதற்காக அது ஓடிவிடுமா?

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

மே 9

சொட்டு போட்டேன். எரிந்தது. எரிந்ததை மறக்க மாட்டேன்.

மே 14, ஞாயிறு

அன்னையர் தினச் சாப்பாடு, தங்கை ஓப்பல் வீட்டில். காட்டு வெங்காயமும் முட்டையும், பீன்ஸ், சோள ரொட்டி. வயிறு நிறைந்தது, மனம் கலங்கியது.

காரணம் ஓர்வில் பேர்பா. ஓப்பலின் கணவன், ஷானாவின் தகப்பன், செப்டம்பரில் நடக்கும் செரோக்கி விழாவின் கோலி ஆட்டத்தில் எதிரணித் தலைவன். கடந்த ஏழு ஆண்டுகளில் ஆறு முறை அவனை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறேன். ஏழாவது முறை மழை. நாலாம் வகுப்பிலிருந்து சோடா பாட்டில் அடிப்பாகம் போன்ற கண்ணாடி இல்லாமல் அவனுக்குத் தன் காலே தெரியாது. இன்று மூக்கின் மேல் ஒன்றுமில்லை.

"மாப்ளே, கண்ணாடியை எங்க தொலைச்ச?"

"தேவைப்படல மச்சான்." இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே காட்டினான். "அதோ, வேலில மூணாவது கம்பத்துல கத்தரிவால் குருவி. வால் ரெண்டும் தனித்தனியாத் தெரியுது. உனக்குத் தெரியுதா?"

எனக்கு வேலி தெரிந்தது. கம்பங்கள் மீது நம்பிக்கை இருந்தது.

ஷானாதான் செய்திருக்கிறாள். படுக்கப் போகும்போது கெட்டியான லென்ஸ் ஒன்றைக் கண்ணில் மாட்டிக்கொள்கிறானாம். தூங்குகிற நேரம் முழுக்க அது கருவிழியை அழுத்தித் தட்டையாக்குகிறதாம். விடிந்ததும் கழற்றி வைத்துவிட்டால் நாள் முழுக்கக் கண்ணாடி இல்லாமல் பார்க்கலாம். ஒருநாள் மாட்டாமல் விட்டால் பழையபடி மங்கிவிடும்.

"அப்பனுக்கு மட்டும் மந்திர லென்ஸ். மாமனுக்கு லேசர். ஏன், மாமனுக்கு அந்த லென்ஸ் ஆகாதா?"

"உங்களுக்கு இருக்குற வியாதி வேற மாமா. அப்பாவுக்கு வியாதியே இல்ல, கிட்டப்பார்வை. அவ்வளவுதான்."

"அடியே, நம்ம குலம் தாய்வழி. உங்கப்பன் இந்தக் குலத்துக்கு விருந்தாளி. நான்தான் உனக்கு ரத்தம். ஞாபகம் வச்சுக்க."

ஓர்வில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "விருந்தாளிக்கு முப்பத்தெட்டு வருஷமா இன்னும் நல்ல நாற்காலி குடுக்கல," என்றான்.

"அண்ணே, சாப்பிடு," என்றாள் ஓப்பல். "கண்ணு போனாலும் உனக்கு வாய் போகாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஷானா சிரிக்கவில்லை. சந்தேகம் நான்கு. (இரண்டும் மூன்றும் வண்டியில் வரும்போது தோன்றின; இறங்கும்போது மறந்துவிட்டன.)

தகப்பன் கண்ணைச் சாணை பிடிக்கிறாள். செப்டம்பர் வருவதற்குள் மாமன் கண்ணைச் சுடப் பார்க்கிறாள். இதற்குமேல் ஒரு நீதிபதிக்கு என்ன வேண்டும்?

மே 16, செவ்வாய்

கோலி ஆட்டத்தின் நடுவர் ஹேஸ்டிங்ஸ் கிங்ஃபிஷரிடம் முறையாகப் புகார் கொடுத்தேன். அவர் வயது எண்பது. அவருடைய பொறுமையின் வயது மூன்று நிமிடம்.

"கண்ணாடி போட்டு ஆடினான், ஒத்துக்கிட்டோம். இப்பக் கழட்டிட்டான். கழட்டினது குத்தமா?"

"ராத்திரி முழுக்கக் கண்ணை இஸ்திரி போடுறான் பெரியவரே!"

"நீ மொதல்ல சட்டையை இஸ்திரி போட்டுட்டு வா," என்றார்.

புகார் தள்ளுபடி. ஹேஸ்டிங்ஸும் ஷானாவிடம்தான் கண்ணாடி வாங்குகிறார். வலை எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

மே 30, செவ்வாய்

உளவு. கிளினிக்கின் காத்திருப்பு அறையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். லேசர் அறைக்குள் மூன்று பேர் போனார்கள். மூன்று பேரும் வெளியே வந்தார்கள். மொத்தக் கண்கள் ஆறு, எண்ணினேன். குருடாகி யாரும் சுவரைத் தடவவில்லை. இவ்வளவு கச்சிதமாக நடந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

கடைசியாக வந்தவள் மாட்டுத் தீவனக் கடை வாண்டா.

"வலிச்சுதா?" என்று தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"பச்சை பச்சையா மின்னுச்சு. கொசு கடிச்ச அளவு கூட இல்ல."

"இப்படிச் சொல்லணும்னு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

கைப்பையை ஓங்கினாள். அதற்குள் ஷானா வந்துவிட்டாள்.

"மாமா, ரெண்டு மணி நேரமா ஒரே பக்கத்தைப் படிக்கிறீங்க."

"ஆழமாப் படிக்கிறவன்."

"சரி, வந்ததுதான் வந்தீங்க, வெளிச்சப் பரிசோதனையை முடிச்சிடலாம்."

வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு யந்திரத்துக்குள் முகத்தை நுழைக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். அங்கங்கே கடுகளவு வெளிச்சம் மின்னும். தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். எந்த இடத்தில் பார்வை இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று படமாக வருமாம். ஓர்வில் போன மாதமே இதைச் செய்து, "ஒண்ணு விடாம அமுக்கினேன் மச்சான்," என்று மார்தட்டியிருந்தான்.

ஒன்று விடாமலா? நான் அதற்கு மேலும் அமுக்குவேன். யந்திரம் ஒரு தாளத்தில்தான் வெளிச்சம் காட்டுகிறது. தாளம் என் ரத்தத்தில் இருக்கிறது. நான் அமுக்கிய அமுக்கில் அந்தப் பொத்தான் அடுத்த வாரமே ஓய்வுபெற்று ஏரிக்கரையில் வீடு பார்க்கும்.

ஜூன் 6, செவ்வாய்

"மாமா, இந்த மெஷின் நடுநடுவுல வெளிச்சமே காட்டாம சும்மா இருக்கும். அப்பவும் அமுக்கியிருக்கீங்க. பாதிக்கு மேல."

"வரப்போற வெளிச்சத்தையும் பாக்குறவன் நான்."

"இந்தப் படம் செல்லாது. திரும்ப எடுக்கணும். உங்க இடக்கண் நரம்பைப் பாத்தேன். எனக்குப் பிடிக்கல."

"உனக்குப் பிடிக்கலைன்னா அது நரம்போட தப்பா?"

"இப்பவே எடுங்க மாமா. பத்து நிமிஷம். நேர்மையா."

வைக்கோல் அறுக்க வேண்டும் என்றேன். எனக்கு வைக்கோலே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஓப்பலின் பார்வை அது, அப்படியே.

ஜூன் 20, செவ்வாய்

வெற்றி! தீவனக் கடையில் டெக்சஸிலிருந்து கன்று வாங்க வந்த ஒருவன் சொன்னான்: டெக்சஸ் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்டோமெட்ரிஸ்ட் லேசரைத் தொட்டால் உரிமம் போய்விடுமாம். ஆக, தெற்கே மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் குற்றம், இங்கே மருத்துவம். கண் என்ன கரை பார்த்தா கெடுகிறது?

நேரே கிளினிக்குக்குப் போய் இந்த அணுகுண்டைப் போட்டேன். ஷானா கோபப்படுவாள், வாதாடுவாள், நான் வெல்வேன் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தாள்.

"டல்ஸால டாக்டர் விட்டேகர். அறுவை மருத்துவர். நல்லவர். நானே போன் பண்ணி நேரம் வாங்குறேன். என்னை நம்ப வேணாம் மாமா. யாரையாவது நம்புங்க."

தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். இவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டாள்? இதில்தான் பெரிய சூது இருக்கிறது.

ஜூன் 24

சட்டையைத் துவைத்தேன். பையிலிருந்த தாள் கூழாகியிருந்தது. கடவுளின் முடிவு. டல்ஸாவிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, எடுக்கவில்லை.

ஜூலை 4

வாணவேடிக்கை. எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு வெளிச்சத்தையும் சுற்றி வானவில் போல ஒரு வளையம். இந்த வருஷம் புது வகை வாணம் வாங்கியிருக்கிறார்கள்.

ஜூலை 19, புதன்

ஓப்பல் தக்காளி கொண்டு வந்தாள். குளிர்பெட்டிக்குள் வைக்கப் போனவள் சொட்டு மருந்து பாட்டிலுடன் திரும்பினாள்.

"அண்ணே, ரெண்டு மாசம் ஆச்சு. பாட்டில் அப்படியே இருக்கு. இது என்ன ஊத்து தண்ணியா, எடுக்க எடுக்க ஊறுதா?"

"எரியுது."

"உன் மருமக உனக்கு விஷமா குடுப்பா?"

"அப்படிச் சொல்லல."

"அப்புறம் என்னதான் சொல்ற? அவ இங்க வந்து அழறா, தெரியுமா? 'மாமா என்னை நம்பலைன்னா பரவாயில்லம்மா, அவருக்குக் கண்ணு போயிடும்'னு அழறா."

நான் அப்போது சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். "அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணினாங்களே. அதுக்கப்புறம்தானே பார்வை போச்சு."

ஓப்பல் பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"அதுக்கு முன்னாடியே போயிருச்சு அண்ணே. ஒரு வருஷமா சுவரைத் தடவிட்டுத்தான் நடந்தாரு. டாக்டருங்க கண்ணைப் பிடுங்கிடுவாங்கன்னு யார் கிட்டயும் சொல்லல. பார்வை முழுக்கப் போனப்புறம்தான் கூட்டிட்டுப் போனோம். நீதான் வண்டி ஓட்டின."

நான்தான் ஓட்டினேன். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு வருஷம் ஏன் எனக்கு ஞாபகம் இல்லை?

தக்காளி நன்றாக இருந்தது.

ஜூலை 20

சொட்டு போட்டேன். ஷானா கேட்டால் காட்டுவதற்காகப் பழைய நாட்களுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் 'போட்டேன்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. இந்தப் புத்தகத்திடமும் பொய் சொன்னால் பிறகு யாரிடம்தான் புகார் கொடுப்பது?

ஆகஸ்ட் 12, சனி

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது.

காலையில் பயிற்சி. திடலில் ஐந்து குழிகளும் புதிதாகத் தோண்டியிருந்தார்கள். நானும் என் கூட்டாளி லெவி சோப்பும் ஒரு பக்கம், ஓர்வில் எதிர்ப்பக்கம். அனல். என் பந்து மூன்றாம் குழியருகே கிடந்தது. நெற்றி வியர்வை வழிந்து வலக்கண்ணுக்குள் போய்விட்டது. உப்பு. கையால் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் குழியைப் பார்த்தேன்.

குழி இல்லை.

மூன்றாவது இல்லை, நான்காவது இல்லை. திடலே இல்லை. நடுவில் அழுக்குத் துணி ஒன்றைத் தொங்கவிட்டாற்போல. ஓர்வில் எதிரே நின்றிருந்தான் — அவன் பூட்ஸ் தெரிந்தது, தொப்பியின் ஒரு ஓரம் தெரிந்தது. நடுவில் மனுஷன் இல்லை.

கையை எடுத்தேன். எல்லாம் வந்துவிட்டது. குழி, புல், ஓர்வில், அவன் பல். மறுபடி பொத்தினேன். போய்விட்டது.

"என்ன மச்சான், கண்ணடிக்கிற? நான் கல்யாணம் ஆனவன்," என்றான் ஓர்வில்.

லெவி சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிச்சேன், ஆமா. என்ன பண்றது?

வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வண்டியை ஓட்டிக்கொண்டேதான் வந்தேன். எப்படி ஓட்டினேன்? இத்தனை நாளா எப்படி ஓட்டினேன்?

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வலக்கண்ணை மூடி: கெட்டில் — பிடி மட்டும். நாய் — வால் மட்டும். சுவரிலுள்ள அப்பாவின் படம் — சட்டம் மட்டும்.

இடக்கண்ணை மூடி: எல்லாம் தெரிகிறது. அதனால்தான் எனக்குத் தெரியாமல் போனது. இந்த நல்ல கண் அந்தக் கெட்ட கண்ணின் குட்டை இவ்வளவு நாளும் மறைத்து வந்திருக்கிறது. கூட்டுக்களவாணி.

சர்ச்சுக்கு வரவில்லையா என்று ஓப்பல் போன் செய்தாள். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கிளினிக் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். ஓர்வில் வண்டியில் வந்தேன். "வண்டி சரியில்ல, கூட்டிட்டுப் போறியா மாப்ளே?" என்று காலையில் கேட்டேன். என் வண்டி முற்றத்தில் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. அவன் அதைப் பார்த்தான், தன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். இதை எழுதி வைக்க வேண்டும்: ஓர்வில் பேர்பா வாழ்க்கையில் முதல் முறையாக என்னைக் கேலி செய்யாமல் விட்ட நாள்.

வெளிச்சப் பரிசோதனையைத் திரும்ப எடுத்தாள். தெரிந்ததற்கு மட்டும் அமுக்கினேன். இடக்கண்ணுக்கு வந்தபோது கை பொத்தான் மேலேயே காத்துக்கொண்டு கிடந்தது. வெகுநேரம். யந்திரத்தின் டிக் டிக் சத்தம் மட்டும்.

படத்தில் பார்வை போன இடமெல்லாம் கரி: நடுவும் அதைச் சுற்றியும். பிரஷர் முப்பத்தெட்டு.

நான் சொன்னேன்: "சரி. போடு உன் லேசரை. இன்னிக்கே போடு."

ஷானா நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். "இந்தக் கண்ணுக்கு லேசர் பத்தாது மாமா."

"மே மாசம் பத்தும்னியே."

"மே மாசம் போட்டுப் பாத்திருக்கலாம். இப்ப பிரஷர் இவ்வளவு, நரம்பு இவ்வளவு மெலிசு. லேசர் வேலை செய்ய வாரக்கணக்கா ஆகும். அவ்வளவு நாள் இந்தக் கண்ணுக்கு இல்ல. கத்தி வைக்கணும். தண்ணி வெளிய போக ஒரு புது வழி வெட்டணும். அது என் வேலை இல்ல. எனக்கு அந்த உரிமையும் இல்ல, பழக்கமும் இல்ல. டாக்டர் விட்டேகர் பண்ணுவார்."

"நீயே பண்ணு."

"மாமா."

"டல்ஸால எனக்கு யாரைத் தெரியும்? லிஃப்டுதான் இருக்கு அங்க. நீ பண்ணு. உன்னைத் திட்ட மாட்டேன். சத்தியமா."

என் குரலா அது? தெரியவில்லை. மூன்று மாதம் இவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தவன் நான்தானா?

"முடியாது மாமா," என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "போன பார்வை திரும்பாது. இதை யாராலயும் கொண்டு வர முடியாது, அவராலயும்தான். மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஜூன் மாசமே உங்களை வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கணும் நான். மாமான்னு மரியாதை பாத்துட்டேன்."

"நான் கடிச்சிருப்பேன்."

"கடிச்சிருப்பீங்க," என்றாள்.

வலக்கண் நரம்பு நன்றாக இருக்கிறதாம். அதற்கு லேசர் போதும். ஆனால் முதலில் இடம். போனை எடுத்து டல்ஸாவிடம், "நாளைக்கில்ல, இன்னிக்கே பாக்கணும்," என்று ஒரு அதட்டல் போட்டாள் பாருங்கள், பளிங்குத் தரையே பிளந்திருக்கும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

விட்டேகர் அன்றே பார்த்துவிட்டார். நாளை ஆபரேஷன். யோசித்துப் பார்த்தேன். டல்ஸா டாக்டர்தான் வேண்டும் என்று சண்டை போட்டவன் நான். அவள் தாள் எழுதிக் கொடுத்தாள், நான் போகவில்லை. அப்படியென்றால் என் சந்தேகம் அவள் மீது இல்லை. யார் மீது? கருவி மீதா? ஆற்றங்கரைச் சட்டத்தின் மீதா?

பயந்தேன். அவ்வளவுதான். பயந்தவன் என்று சொல்வதைவிடச் சந்தேகப்பட்டவன் என்று சொல்வது அமோஸ் கெட்சருக்குப் பொருத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 19, சனி

முடிந்தது. கண்ணில் கவசம். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, இருமக் கூடாது. சந்தேகப்படலாமா என்று கேட்டேன். அதற்குத் தடை இல்லை என்றார் விட்டேகர்.

போகிற வழியெல்லாம் ஓர்வில் ஓட்டினான். பாதி வழியில், "அந்த ராத்திரி லென்ஸ் எப்படி மாப்ளே?" என்று கேட்டேன்.

"மொத வாரம் கண்ணுல கூழாங்கல் கிடக்குற மாதிரி இருந்துச்சு. ஓப்பல் கிட்டச் சொல்லல. உன்கிட்டயும் சொல்லல."

"ஏன்?"

"நீ சந்தோஷப்படுவ."

பட்டிருப்பேன்.

செப்டம்பர் 2, சனி

விழா. எனக்குப் பதில் லெவியின் மைத்துனன் ஆடினான். நான் மடக்கு நாற்காலியில் கவசத்துடன் உட்கார்ந்து, ஒரு தேசத்தின் சேனையை நடத்துகிற மாதிரி கத்தினேன். தோற்றோம். நான்காம் குழியில் ஓர்வில் எறிந்த பந்து முப்பது அடி உருண்டு நேரே உள்ளே விழுந்தது. நல்ல எறி. இதை ஒருபோதும் அவனிடம் சொல்லப் போவதில்லை.

ஷானா எனக்குத் திராட்சைக் கொழுக்கட்டை கொண்டு வந்து தந்தாள். பக்கத்திலேயே நின்றாள். நான் குனியாமல் பார்த்துக்கொள்கிறாளாம்.

செப்டம்பர் 19, செவ்வாய்

நான்காவது தடவையாக டல்ஸா. இடக்கண் பிரஷர் பதின்மூன்று. கரி அப்படியே இருக்கிறது, பரவவில்லை. லிஃப்ட் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு இப்போது என் பெயர் தெரியும்.

"வலக்கண்ணுக்கு லேசர் பாக்கி இருக்கு மிஸ்டர் கெட்சர்," என்றார் விட்டேகர். "எழுபது மைல் வந்திருக்கீங்க. மெஷின் பக்கத்து அறையில இருக்கு. இப்பவே முடிச்சு அனுப்பிடறேன்."

வெள்ளை அங்கி. பளிங்கு. எல்லாம் நான் கேட்டபடியே. இந்த ஆள் கெட்டிக்காரர்; கை நடுக்கம் இல்லை; ஒரு கண்ணைக் காப்பாற்றியவர். மிச்சம் இருப்பது ஒரே நல்ல கண். அது போனால் எனக்கும் சுவர்தான்.

"வேணாம் டாக்டர். ஊர்ல ஆள் இருக்கு."

"உங்க ஆப்டோமெட்ரிஸ்டா?"

"என் தங்கச்சி பொண்ணு."

அவர் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை எனக்குத் தெரியும். மூன்று மாதம் நானே அதை வளர்த்தவன்.

"நல்லாப் பண்ணுவாங்களா?" என்றார், மரியாதையாகத்தான்.

"முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சவ," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். வண்டியில் ஓர்வில் கேட்டான்: "இங்கயே முடிச்சிருக்கலாமே மச்சான்?" ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். அவனும் வானொலியைப் போட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 22, வெள்ளி

காலை எட்டரை. மரத்துப்போகச் சொட்டு. தாங்கியில் தாடை, பட்டையில் நெற்றி. ஜெல் தடவிய ஒரு கண்ணாடிக் குமிழை வலக்கண்ணில் பதித்தாள். குளிர்ந்தது. வலக்கண்ணுக்குள் அவள் வெளிச்சம் நிறைந்துவிட்டதால், மிச்சத்துக்கு இடக்கண் மட்டும்: அறை இல்லை, அழுக்குத் துணி மட்டும், துணியின் ஓரத்தில் அவள் காது, அதில் ஒரு சின்னத் தோடு.

"என் காதைப் பாருங்க மாமா. பேசக் கூடாது. பேசினா தாடை ஆடும்."

பேசவில்லை.

"பயமா இருந்தா விரலைத் தூக்குங்க, நிறுத்திடறேன்."

இரண்டு கையாலும் மேசைக் கம்பிகளைப் பிடித்திருந்தேன். விரல்கள் பத்தும் அங்கேதான் இருந்தன.

பச்சை. மறுபடி பச்சை. அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது, ஒழுங்காக, அவசரமில்லாமல்.

"பாதி முடிஞ்சுது. அசையாதீங்க மாமா."

அசையவில்லை.